டப்பா மூடியில் ஒரு சொல்

அடக்க முடியாத என்று போட்டால் சிரிப்புக்கும் பொருந்தும், தும்மலுக்கும் பொருந்தும். கட்டாயமான என்று போட்டால் யாரோ பின்னால் நின்று பிடித்துத் தள்ளுவதுபோல ஆகிவிடும். இங்கே பின்னால் யாரும் இல்லை. தள்ளுகிறவரும் தள்ளப்படுகிறவரும் ஒரே ஆள். இந்தச் சொல்லின் சங்கடமே அதுதான்.

மனசுக்குள் இப்படி ஒரு வழக்கை நடத்திக்கொண்டே அவள் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதிரே தாளில் இருந்த ஆங்கிலச் சொல் கம்பல்சிவ். அகராதியின் புதிய பதிப்பில் அந்தப் பக்கம் மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். கம்பல்சரி போன வாரமே முடிந்துவிட்டது. அது எல்லாருக்கும் தெரிந்த சொல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட அர்த்தம் சொல்லும். அதன் உடன்பிறப்பான இதுதான் படுத்தியது.

மூன்று பொருள் வந்தது. முதலாவது செய்கையைப் பற்றியது: வேண்டாம் என்று தெரிந்தும் விட முடியாமல் திரும்பத் திரும்பச் செய்வது. இரண்டாவது ஆளைப் பற்றியது: சூதாடி, பொய்யர் போன்றவர்களுக்கு முன்னால் வரும். லாபத்துக்காகப் பொய் சொல்கிறவருக்கு இதைப் போடக்கூடாது, ஒரு பைசா பிரயோசனம் இல்லாவிட்டாலும் பொய் சொல்கிறவருக்குத்தான் போட வேண்டும். மூன்றாவது புத்தகத்தையோ கதையையோ பற்றியது: எடுத்தால் கீழே வைக்க முடியாதது. ஆளுக்கு முன்னால் வந்தால் வசவு, புத்தகத்துக்கு முன்னால் வந்தால் பாராட்டு.

பொருள் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். பழைய பதிப்பில் எல்லா வாக்கியங்களும் மரக்கட்டை. பெட்டி மேசைமேல் இருந்தது, அவன் நல்லவன் என்கிற ரகம். வாசகர்கள் கேலியாகக் கடிதம் எழுதியதிலிருந்து தலைமைப் பதிப்பாசிரியர் ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டார். எந்த வாக்கியத்தையும் கற்பனை செய்யக்கூடாது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சின்ன அட்டை; முன்பக்கம் வாக்கியம், பின்பக்கம் எங்கே எப்போது பார்த்தது என்ற குறிப்பு. பேச்சை எங்கே வேண்டுமானாலும் முடித்துவிட்டு எழுந்து போகிற அவருக்கு அந்த அறையில் முற்றுப்புள்ளி என்று பெயர். அவருக்கு முன்னால் சார், பின்னால் முற்றுப்புள்ளி.

எல்லா அட்டைகளையும் சரிபார்த்து மூலையில் சுருக்கொப்பம் போடுவது அவள் வேலை. அவள் ஒப்பம் இல்லாமல் ஒரு காற்புள்ளிகூட அந்த மாடியை விட்டுக் கீழே அச்சுக்கூடத்துக்கு இறங்காது.

முதல் பொருளுக்கு வாக்கியம் அவளே எழுதியிருந்தாள். 'அடுப்பை அணைத்தோமா என்று அவள் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். முதல் தடவையே தெரிந்திருக்கும்.' பின்பக்கம்: ஒரு வீடு, தினமும். யார் வீடு என்று முற்றுப்புள்ளி கேட்டபோது, தெரிஞ்சவங்க சார் என்று சொல்லியிருந்தாள்.

அட்டையில் எழுதாத ஒன்றும் அவளிடம் இருந்தது. தினமும் காலையில் கணவருக்குச் சாப்பாடு கட்டும்போது, கழித்துப்போட்ட அச்சுத்தாளிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு வெட்டி, அதில் ஒரே ஒரு சொல் எழுதி, டப்பா மூடியின் உள்விளிம்பில் செருகுவாள். அன்றைக்கு என்ன சொல் மனசில் ஓடுகிறதோ அது. கல்யாணமான முதல் வாரத்தில் விளையாட்டாக ஆரம்பித்தது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் சீட்டு போகும். ஒருநாள் மறந்துபோய்ப் பேருந்தில் ஏறிவிட்டு, நடுவழியில் இறங்கி, அவருடைய காப்பீட்டு அலுவலகத்தின் வாசல் காவலாளியிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் கொடுக்காமல் போயிருந்தால் அன்று முழுக்க விரல் நுனி அரித்துக்கொண்டே இருந்திருக்கும்.

சீட்டைப் பற்றி அவர் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. டப்பா மட்டும் காலியாகத் திரும்பி வரும். குப்பைக்குத்தான் போகிறது என்று அவளாகவே முடிவுகட்டி வைத்திருந்தாள். இன்று காலை எழுதிய சொல் ஈரம்.

இரண்டாவது அட்டையை எடுத்தாள். எதிர் மேசைப் பெண்ணின் உருண்டை உருண்டையான கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முடியை வைத்துச் சுருட்டை என்று கூப்பிட்டு, இப்போது அவள் அம்மாவே தொலைபேசியில் அப்படித்தான் கேட்கிறாள்.

'அவர் ஒரு கம்பல்சிவ் பொய்யர்; தன் மனைவி எப்படி இறந்தாள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்.'

பின்பக்கம்: பொது நூலகம், பின்தாழ்வாரம், மதியச் சாப்பாட்டு நேரம், மூன்று புதன்கிழமைகள்.

நல்ல வாக்கியம். பொய்யும் இருக்கிறது, லாபம் இல்லாததும் இருக்கிறது. அவள் மூன்றாவதையும் எடுத்தாள். அதே கையெழுத்து. 'அவர் சொன்ன கதை கம்பல்சிவ். டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.' இடமும் அதே.

"ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டாள்.

"ஒரே ஆள்தான் அக்கா. ஒரே கல்லுல ரெண்டு அட்டை." சுருட்டை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் புதன்கிழமை பழைய பத்திரிகை பார்க்கப் போவேன்ல, அங்கதான். சாப்பாட்டு நேரத்துல ஒரு கூட்டமே அவரச் சுத்தி உக்காந்திருக்கும். நூலகத்தம்மா, வாட்ச்மேன், தினமும் பேப்பர் படிக்க வர்ற ஒரு வாத்தியார். என்கிட்ட காய்ச்சல்னு சொன்னாரு. வாட்ச்மேன்கிட்ட லாரி அடிச்சிடுச்சுன்னு சொல்லிருக்காரு. வாத்தியார்கிட்ட தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு. பாவம் அந்தம்மா, மூணு தடவ செத்திருக்காங்க."

அவள் சிரித்தாள். சுருட்டையும் சிரித்தாள்.

"யாரும் கண்டுபிடிக்கலயா?"

"ஒண்ணா உக்காந்து ஒப்பிட்டாத்தான தெரியும். நான் ஒப்பிட்டேன், யாருகிட்டயும் சொல்லல. சொல்ல மனசு வரலக்கா. அவர் பேசறதக் கேட்டா எழுந்துக்கவே முடியாது. டப்பாவத் திறப்பாரு. மூடியில ஒரு சீட்டு இருக்கும். அதுல ஒரே ஒரு வார்த்தை."

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றது. எடுக்க மறந்ததுபோல.

"அந்தம்மா சாகறதுக்கு முன்னாடி ஒரு பெட்டி நிறைய எழுதி வெச்சிட்டுப் போயிட்டாங்களாம். தினமும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கிட்டு வர்றாரு. அன்னிக்கு என்ன வார்த்தை வருதோ, அத வெச்சு அவங்களப் பத்தி ஒரு கதை. யாருகிட்டயும் கையில குடுக்க மாட்டாரு. படிச்சிட்டு மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்குவாரு. நான் ரெண்டு தடவ அழுதுட்டேன். என்னக்கா, ஏன் இப்படிப் பார்க்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

மேசைமேல் ஒரு கை கிடந்தது. பென்சில் பிடித்திருந்தது. அது தன்னுடைய கைதான் என்று அவளுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உலகத்தில் இன்னொரு பெண்ணும் டப்பா மூடியில் சீட்டு வைக்கக்கூடும் என்று சரிபார்ப்பவளின் மூளை தன் பாட்டுக்கு வாதாடியது. அவருடைய அலுவலகம் நூலகத்துக்கு அடுத்த தெரு என்று அதே மூளை பதிலும் சொன்னது. அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"சாப்பிடலயா அக்கா?"

"வெளில ஒரு வேலை இருக்கு."

நூலகத்துக்குப் பன்னிரண்டு நிமிட நடை. எப்படி நடந்தாள், எந்தத் தெருவைக் கடந்தாள் என்று பிறகு யோசித்தபோது ஒன்றும் நினைவில் இல்லை. பின்தாழ்வாரத்தில் இரண்டு நீள பெஞ்சுகள், வண்ணம் உரிந்த தூண்கள், மூலையில் உடைந்த அட்டைப்பெட்டிகள். அவருடைய முதுகை முதலில் பார்த்தாள். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டை. காலருக்குக் கீழே ஒரு சுருக்கம் விட்டுப்போயிருந்தது. அது தன் கண்ணில் முதலில் பட்டது அவளுக்கே அவமானமாக இருந்தது.

"ஈரம்," என்று அவர் படித்தார். எதிரே நான்கு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். "அவ தலை துவட்ட மாட்டா. ஈரத் தலையோடயே வந்து உக்காந்து எழுதுவா. தாள்ல சொட்டு விழும். நான் பக்கத்து ரூம்ல இருந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். பார்க்கறேன்னு அவளுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் தெரியாது."

அவளுக்குத் தெரியவில்லைதான். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் தெரியவில்லை. பக்கத்து அறையில் செய்தித்தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்கும்.

வாட்ச்மேன்தான் முதலில் அவளைப் பார்த்தார். "யாரும்மா வேணும்?"

அவர் திரும்பினார். அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெளிறும், கலங்கும், ஏதாவது ஒன்று உடையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். பிறகு அவர் எழுந்து, இதமாகச் சிரித்து, "வாங்க வாங்க," என்றார். மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இவங்கதான் அவளோட அக்கா."

அவர் அவளை வாங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். வாத்தியார் கை கழுவ ஓடினார். நூலகத்தம்மா அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்து, கையை விடாமலே பேசினாள். "உங்க தங்கச்சியப் பத்தித் தினமும் கேக்கறோம்மா. பார்க்காமலே பழகின மாதிரி ஆயிடுச்சு. அப்படியே அவங்க சாயலா நீங்க?"

"கொஞ்சம்," என்றார் அவர்.

"வர்ற புதன்கிழமை அவங்க நினைவு நாளுன்னு சொன்னாரு. அகராதி அலமாரிக்கு அவங்க பேரு போடறோம். சின்னதா ஒரு கூட்டம், நாங்க பத்துப் பேர்தான். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்மா. கூடப் பிறந்தவங்க பேசினா அதுக்கு ஈடே இல்ல."

அவளுக்கு வாய் திறக்க வரவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தன் சாவுக்காக ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்து, தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் அவளைக் குடைந்தது சாவு இல்லை. அதைவிட மோசமான ஒன்று. அந்தச் செத்துப்போனவள்மீது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவளைப் பற்றி அவர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார். வீட்டில் இருப்பவளிடம், உப்புக் கம்மி, குடை எங்கே, நாளைக்குத் தண்ணீர் வராது, இவ்வளவுதான்.

மாடியில் முற்றுப்புள்ளி அவள் மேசை அருகே நின்றுகொண்டிருந்தார். "என்னம்மா, கம்பல்சிவ் ஒப்பம் ஆச்சா? கீழ மிஷின் காத்துக்கிட்டிருக்கு."

"ரெண்டாவது அட்டையில ஒரு தப்பு இருக்கு சார்."

"தப்பா?" சுருட்டை எழுந்து வந்தாள். "நான் கண்ணால பார்த்ததுதானேக்கா."

"மனைவி எப்படி இறந்தாள்னு இருக்கு. அந்தம்மா சாகல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் முற்றுப்புள்ளி.

"இன்னிக்கு டப்பாவுல இருந்த வார்த்தை ஈரம். காலைல நான்தான் எழுதி வெச்சேன்."

சுருட்டை கையிலிருந்த அட்டைகளை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முற்றுப்புள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். எந்தப் பேச்சையும் முடித்துவைக்கிற அந்த மனிதருக்கு அன்றைக்கு முடிக்கத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. இதக் கிழிச்சிடறேன்."

"கிழிக்காத. நீ பார்த்ததத்தான எழுதின." அவள் பென்சிலை எடுத்து, தன் என்ற சொல்லை அடித்துத் திருத்தினாள். 'அவர் ஒரு கம்பல்சிவ் பொய்யர்; உயிரோடு இருக்கும் மனைவி எப்படி இறந்தாள் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்.' ஒருமுறை படித்தாள். இப்போது சரியாக இருந்தது. மூலையில் ஒப்பம் போட்டாள். அட்டையை முற்றுப்புள்ளியின் பக்கம் தள்ளி வைத்தாள்.

அன்று மாலை அவர் வழக்கம்போலச் செருப்பை வாசலில் ஜோடியாக வைத்தார். டப்பாவைக் கழுவுதொட்டியில் போட்டார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அது மட்டும்தான் வழக்கத்தில் இல்லாதது.

"நீ அங்க வருவேன்னு நினைக்கல," என்றார்.

"நானும் செத்திருப்பேன்னு நினைக்கல."

அவர் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிக்கக்கூடாது என்று தோன்றியதுபோல நிறுத்தினார். "நான் அங்க சாப்பிடப் போன முதல் நாள் அந்தச் சீட்டப் பார்த்துட்டு யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. பொண்டாட்டின்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. இத்தன வருஷத்துக்கு அப்புறமும் காதல் கடுதாசியா சார்னு ஒருத்தன் கேட்டான். எனக்கு என்னவோ மாதிரி ஆயிடுச்சு. அவ இப்ப இல்லன்னு வாய்ல வந்துடுச்சு. உடனே சிரிப்பு நின்னுடுச்சு. அந்த அமைதி நல்லா இருந்துச்சு. மறுநாள் நிறுத்திடலாம்னுதான் போனேன்."

"எத்தன நாளாச்சு?"

"மூணு வருஷம்."

அவள் மூன்று வருஷத்தை எண்ணிப் பார்க்க முயன்றாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு காலையும் ஒரு பிணத்தின் கையால் சீட்டு வெட்டியிருக்கிறாள்.

"ஏன் ஆளுக்கொரு விதமா?"

"அதான் எனக்கும் தெரியல. ஒரே மாதிரி சொல்லணும்னுதான் நினைப்பேன். எதிர்ல இருக்கற ஆளப் பார்த்ததும் வேற வந்துடும். நிறுத்த முடியலம்மா. உங்க புக்குல அதுக்கு ஏதாவது பேரு இருக்கும்."

"இருக்கு. இன்னிக்கு மத்தியானம் அச்சுக்குப் போயிடுச்சு."

அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

"அந்தச் சீட்டெல்லாம் தூக்கிப் போடல," என்றார் அவர். "ஆபீஸ் டிராயர்ல இருக்கு. ஒண்ணு விடாம."

இதை நேற்று சொல்லியிருந்தால் அவள் என்ன ஆகியிருப்பாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்று அது ஒரு கனமான பொருளைப்போல மேசைமேல் வந்து உட்கார்ந்தது. எடுக்கவும் தோன்றவில்லை, தள்ளவும் தோன்றவில்லை.

"புதன்கிழமை மட்டும் வந்துடு," என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கான்னு நினைச்சுக்கிட்டாங்க. ரெண்டே வார்த்தை. உனக்குத்தான் பேச வருமே. அதோட நான் இத மெதுவா விட்டுடறேன்."

"வரமாட்டேன்."

"அவங்க முன்னாடி நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"நான் இருக்கேன்னு சொல்லுங்க."

அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவருக்கு வராது என்பதை அவள் அந்த முகத்தில் பார்த்தாள். அவளுடைய சாவை மூன்று விதமாகச் சொல்லத் தெரிந்த வாய் அது. மதியம் தாழ்வாரத்தில் உடையாத ஏதோ ஒன்று இப்போது சத்தமில்லாமல் அவளுக்குள் உடைந்தது.

காலையில் அவள் எழுந்தாள், குளித்தாள், சமைத்தாள். தலை துவட்டினாள். டப்பாவில் சாப்பாட்டை வைத்தாள். மூடியைக் கையில் எடுத்ததும் விரல்கள் தாமாகவே கத்தரிக்கோலைத் தேடின. அவற்றுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அச்சுத்தாள் மேசைமேல் இருந்தது. பேனா இருந்தது. விரல் நுனியில் அந்தப் பழைய அரிப்பும் இருந்தது. இன்றைக்கான சொல்கூட ஒன்று வந்து வரிசையில் நின்றது.

அவர் பையை மாட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். காலியான மூடியைப் பார்த்தார்.

"சரி, புதன்கிழமை நீ வர வேணாம்," என்றார். "சீட்டு மட்டும் வெச்சுடு. அது இல்லாம என்னால அங்க போய் உக்கார முடியாது. என்ன, எழுதாம இருக்க முடியுதா உன்னால?"

அவள் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்தாள். அணைந்திருந்தது. ஒருமுறை தொட்டதோடு கையை எடுத்துக்கொண்டாள்.

"முடியுது," என்றாள்.

மூடியைச் சாப்பாட்டின் மேல் வைத்து அழுத்தினாள். நான்கு பக்கமும் கொக்கி விழுந்ததைப் பார்த்துவிட்டு டப்பாவை அவரிடம் நீட்டினாள்.